சட்டைக் காலர்ல குங்குமம்

பாக்கியவதி: பேச்ச மாத்தாத. சட்டக் காலர்ல குங்குமம் எப்டி வந்துச்சு? அத்த மட்டும் சொல்லு.

ராஜப்பா: ஏம்மே… நெஞ்சுல ஓட்ட போட்டு டியூப் சொருவி வெச்சிகிறாங்க. இப்ப தான் குங்குமத்தப் பத்தி கேக்கணுமா உனுக்கு?

பாக்கியவதி: டியூப் நெஞ்சுல தான கீது? வாயில இல்லியே.

ராஜப்பா: மூச்சு வாங்குதுடி…

பாக்கியவதி: முந்தா நாளு வாங்குச்சு. இன்னிக்கு நீயா எழுந்து உக்காந்து இட்லி துன்ன. சட்னி காரம் பத்தலன்னு வேற சொன்ன.

ராஜப்பா: பத்தல தான்.

பாக்கியவதி: பாத்தியா, மறுபடி பேச்ச மாத்துற. நீ மயக்கமா கெடந்தப்ப வூட்டுக்குப் போயி துணியெல்லாம் ஊற வெச்சேன். அந்த நீலச் சட்ட, காலர் உள்பக்கம், குங்குமம். யாருது?

ராஜப்பா: மாரியம்மன் கோயிலுக்குப் போயிருப்பேன்.

பாக்கியவதி: கோயில்ல நெத்தில வெப்பாங்க. காலர்ல எவ வெச்சா?

ராஜப்பா: வேர்வைல வழிஞ்சிருக்கும்…

பாக்கியவதி: வேர்வயா? கிட்னி போயி மிஷின்ல ஏற ஆரம்பிச்சதுலேர்ந்து உனுக்கு வேர்த்தே நான் பாக்கல. இப்ப திடீர்னு வழியுதா?

ராஜப்பா: ஒரு மடக்கு தண்ணி குடேன்.

பாக்கியவதி: இன்னிக்குக் கணக்குத் தண்ணி மாத்திரயோட முடிஞ்சிபோச்சு. ஒதட்ட நனச்சிக்கோ, இந்தா பஞ்சு. நனச்சியா? இப்ப சொல்லு.

ராஜப்பா: போலீஸ் ஸ்டேஷன்ல சேந்திருக்கலாம் நீ.

பாக்கியவதி: குங்குமம் மட்டும்னா வுட்டுருப்பேன். பனியன்ல மஞ்சாக் கற. முன்பக்கம் இல்ல, முதுகுல. முதுகுலய்யா! உன் கை எட்டாத எடத்துல.

ராஜப்பா: நான் ஒண்ணு கேக்கறேன், நீ மொதல்ல அதுக்குப் பதில் சொல்லு. காத்தால நீயும் அந்த சிஸ்டரும் கதவாண்ட நின்னு குசுகுசுன்னு பேசிகினீங்க. நான் கண்ணத் தொறந்ததும் நிறுத்திட்டீங்க. இன்னா பேசினீங்க?

பாக்கியவதி: அதுவா… உனுக்கு ஒண்ணுக்கு எவ்ளோ போவுதுன்னு கேட்டாங்க.

ராஜப்பா: எனுக்கு ஏதுடி ஒண்ணுக்கு? அது நின்னு போனதால தான மிஷின்ல ஏறிகினு கீறேன்!

பாக்கியவதி: புது சிஸ்டரு. தெரியாம கேட்டுச்சு.

ராஜப்பா: புது சிஸ்டரா? வந்த நாள்லேர்ந்து அந்தப் பொண்ணு தான் எனுக்கு ஊசி போடுது. பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்லு.

பாக்கியவதி: யாரு பொய்யப் பத்தி பேசுறது பாரு!

ராஜப்பா: நான் சாவப் போறேனா? அத்தத் தான் மறைக்கிறியா?

பாக்கியவதி: அய்ய… வாயக் கழுவு. பெரிய டாக்டரு நேத்து சொல்ல சொல்ல நீ கேட்டுகினு தான இருந்த? கண்டம் தாண்டிட்டன்னாரு.

ராஜப்பா: கண்டம் தாண்டினவன் பொண்டாட்டி மூஞ்சி இப்டியா இருக்கும்? கண்ணு ரெண்டும் வீங்கிப்போயி…

பாக்கியவதி: தூக்கம் இல்ல. தோ, சிஸ்டரே வராங்க. அவங்கள கேளு.

சிஸ்டர் தெரசா: ராஜப்பாண்ணா, எப்டி இருக்கீங்க? கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, டியூப் பாக்கணும். பரவால்லையே… ரொம்ப கம்மியாயிடுச்சு. கலரும் தெளிஞ்சிருக்கு. முந்தா நாள் பாக்கவே பயமா இருந்துச்சு.

ராஜப்பா: சிஸ்டர், கீழ வார்டுல மேக்ஸ்வெல்னு ஒருத்தன் கீறான். ஊரிகத்துக்காரன். டயாலிசிஸ்ல என் பக்கத்து பெட்டு. எப்டி கீறான்னு கொஞ்சம்…

சிஸ்டர் தெரசா: நான் இந்த ப்ளோர் தாண்ணா. கீழ இருக்கறவங்க எனக்குத் தெரியாது.

ராஜப்பா: போன்ல ஒரு வார்த்த கேட்டு…

சிஸ்டர் தெரசா: அம்மா, இவர ஜாஸ்தி பேச வெக்காதீங்க. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? டென்ஷன் ஆகவே கூடாது. நான் ஆமேல, ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வர்றேன்.

ராஜப்பா: பாத்தியா? பாத்தியா? அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துப் பேசல.

பாக்கியவதி: உன் மூஞ்சி அவ்ளோ லட்சணம். ஷேவ் பண்ணி எத்தினி நாளாச்சு.

ராஜப்பா: சரி, மேக்ஸ்வெல் எப்டி கீறான்? நீயாச்சும் சொல்லு.

பாக்கியவதி: இப்ப எதுக்கு அவரு?

ராஜப்பா: சும்னே கேட்டேன்.

பாக்கியவதி: கண்ணு தொறந்ததுலேர்ந்து இத்தோட எத்தினி சும்னே? என் தம்பி உன்ன தூக்கிகினு ஓடி வந்தான், அவன எங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா? மேக்ஸ்வெலு, மேக்ஸ்வெலு…

ராஜப்பா: அவனுக்கும் என்ன மாதிரியே காச்சலு, மூச்சுத் தெணறலுன்னு தான கொண்டாந்தாங்க…

பாக்கியவதி: ஆமா. அவருக்கும் நெஞ்சுல நீர் கோத்துகிச்சு. டிபியா இருக்கும்னு தான் மாத்திர குடுத்தாங்க.

ராஜப்பா: டிபியா? அவனுக்கா?

பாக்கியவதி: ஏன்யா உனுக்குத் தூக்கிவாரிப் போடுது?

ராஜப்பா: இல்ல… டிபி மாத்திரையா…

பாக்கியவதி: நேத்து டாக்டரு உன்கிட்ட ஒண்ணு கேட்டாரே, ஞாபகம் கீதா? வயக்காட்டுப் பக்கம் போனியா, சேத்துல எறங்குனியா, மண்ணு தோண்டுனியான்னு. நீ இன்னா சொன்ன? "இல்ல சார், வூட்டுல தான் சார் கீறேன், வூட்ட வுட்டா மிஷினு, மிஷின வுட்டா வூடு." அவரு என்னத் திரும்பிப் பாத்தாரு. எனுக்கு மானமே போச்சு.

ராஜப்பா: உண்மயத் தான சொன்னேன்?

பாக்கியவதி: உன் செருப்புல செம்மண்ணு காஞ்சி கெடக்குது. வூடு, மிஷினு, நடுவுல எங்கய்யா செம்மண்ணு?

ராஜப்பா: மண்ணு எங்க தான் இல்ல?

பாக்கியவதி: யோவ், வெளயாடாத. டாக்டரு என்னத் தனியாக் கூட்டிகினு போயி படம் போட்டே காட்டுனாரு. ஹார்ட்டச் சுத்தி ஒரு பை கீதாம். கிட்னி போனவங்களுக்கு அதுல தண்ணி சேர்றது உண்டாம், அது அவங்களுக்குப் பழக்கமாம். உனுக்குத் தண்ணி இல்ல, சீழு. மண்ணுல, சேத்துல கீற ஒரு கிருமியாம். இந்தப் பக்கத்துல யாருக்கும் வந்து அவரு பாத்ததே இல்லியாம். மத்தவங்க மேல பட்டா ஒண்ணும் பண்ணாதாம், ஒடம்புல சத்து இல்லாத உன்ன மாதிரி ஆளுன்னா உள்ள பூந்துகினு ஹார்ட்டயே நெரிச்சிடுமாம்.

ராஜப்பா: லேப்ல கண்டுபுடிச்சாங்களா?

பாக்கியவதி: ஆங்… லேப்ல தான்.

ராஜப்பா: அப்புறம் இன்னா? கிருமி கெடச்சிடுச்சு, ஊசி போடுறாங்க, கேக்குது. எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?

பாக்கியவதி: எங்கேர்ந்துன்னு தெரியலன்னா மறுபடி அங்கியே போவ. மறுபடி வரும். அடுத்த வாட்டி டியூப் போடுறதுக்குக் கூட நேரம் குடுக்காதுன்னாரு. வேற யாருக்காவது பரவியிருக்கான்னும் தெரியணுமாம். எங்க போன?

ராஜப்பா: சரி. சொல்றேன். கத்தக் கூடாது.

பாக்கியவதி: சொல்லு.

ராஜப்பா: ஒருத்தி கீறா.

பாக்கியவதி: இன்னாது?

ராஜப்பா: ஒருத்தி… பழக்கம். அவ வெச்ச குங்குமம் தான். போதுமா?

பாக்கியவதி: பேரு?

ராஜப்பா: பேரா… மாலா.

பாக்கியவதி: எந்த ஊரு மாலா?

ராஜப்பா: ஊரிகம்.

பாக்கியவதி: ஊரிகத்துல எந்த லைன் வூடு?

ராஜப்பா: ஸ்டேஷனாண்ட… அந்தத் தண்ணி டேங்கு பக்கம்.

பாக்கியவதி: எப்பப் போவ?

ராஜப்பா: மிஷின்லேர்ந்து எறங்குனதும், அப்டியே…

பாக்கியவதி: மிஷின்லேர்ந்து எறங்குனா உன்னால லுங்கி கட்டிக்க முடியாது. நான் வந்து கட்டி வுடுறேன். ஆட்டோல ஏத்துறதுக்கு ரெண்டு பேரு புடிக்கணும். நீ ஊரிகம் போயி மாலாவ… த்தூ. எனுக்குக் கோவம் கூட வரலய்யா, அந்த மாலாவ நெனச்சாத் தான் பாவமா கீது.

ராஜப்பா: சிரிக்காத. வலிக்குது… நீ சிரிச்சா எனுக்கும் சிரிப்பு வருது…

பாக்கியவதி: நான் சிரிக்கல. நல்லாக் கேளு. கட்டுன பொண்டாட்டி கிட்ட, இல்லாத பொம்பளய இருக்கான்னு ஒத்துகிற ஆள நான் இன்னிக்குத் தான் பாக்கறேன். அப்ப பொம்பள சமாச்சாரத்த விட பெருசா ஒண்ண மறைக்கிற. யாரக் காப்பாத்துற நீ?

ராஜப்பா: ஒருத்தரையும் இல்ல.

பாக்கியவதி: மூடிக் கெடக்குற மைன்ஸ் உள்ள எறங்குனியா? அந்தப் பசங்களோட சேந்துகினு இரும்பு பொறுக்க?

ராஜப்பா: ச்சீ! ஆஸ்பத்திரிப் படி ஏற வக்கில்லாதவன் ஷாஃப்ட்ல எறங்குவனா?

பாக்கியவதி: இல்ல, எறங்கியிருக்க மாட்ட. அந்த மண்ணு செவப்பு இல்ல. நம்ம ஸ்கெலட்டன் லைன் வூடுங்களச் சுத்தி கீற மைன்ஸ் மண்ணு மேடெல்லாம் சாம்பக் கலரு. இது நல்ல செவப்பு. கூடவே மஞ்சா, குங்குமம்… இரு. இரு. புத்தா? கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால வேப்பமரத்தடில நாகாத்தம்மா புத்து கீதே, அங்கியா போன?

ராஜப்பா: ஆமா.

பாக்கியவதி: புத்து மண்ணு எடுத்துப் பூசிகினியா?

ராஜப்பா: அரிப்புடி பாக்கியம். உனுக்கு எப்டி சொல்றது… தோலுக்கு உள்ள எறும்பு ஊருற மாதிரி. டாக்டரு மாத்திர குடுத்தாரு, எண்ண குடுத்தாரு, ஒண்ணும் கேக்கல. சீப்பால சொறிஞ்சி ரத்தம் வரும், அப்பவும் அடங்காது. நீ தூங்குனதும் எழுந்து போயி செவுத்துல முதுகத் தேச்சிகினு நிப்பேன்.

பாக்கியவதி: நான் தூங்கல. சத்தம் கேட்டுகினு தான் படுத்திருப்பேன்.

ராஜப்பா: மழ பேஞ்சா அந்தப் புத்து அடில மண்ணு கொழகொழன்னு கெடக்கும். அத்த எடுத்து அப்பிகினா… ஜில்லுன்னு… கொஞ்ச நேரம் மனுசனா இருப்பேன்.

பாக்கியவதி: சொறிஞ்ச புண்ணு மேலயா?

ராஜப்பா: புண்ணு இல்லாத எடம் எங்க கீது?

பாக்கியவதி: அய்யோ… எங்கிட்ட சொல்லியிருந்தா…

ராஜப்பா: வேணாம்னு சொல்லியிருப்ப.

பாக்கியவதி: எங்க சொல்லியிருப்பேன்? நானே கொழச்சிப் பூசி வுட்டிருப்பேன். ஊரே பூசுது. எனுக்கு மட்டும் கிருமியத் தெரியுமா? அது தான் எனுக்குப் புரியல. புத்து மண்ணு பூசுறது இன்னா திருட்டா? இதுக்கா மாலாவெல்லாம் கெளப்பின?

ராஜப்பா: சொல்லிட்டேன்ல, வுட்டுடு.

பாக்கியவதி: முதுகுல யாரு பூசுனா?

ராஜப்பா: வுட்டுடுன்னேன்.

பாக்கியவதி: உன் கை எட்டாது. நான் பூசல. யாரு?

ராஜப்பா: அது ஷிப்ட்டுல நடந்தது. கேக்காத.

பாக்கியவதி: எந்த ஷிப்ட்டு? மைன்ஸ மூடி இருவது வருசத்துக்கு மேல ஆவுது.

ராஜப்பா: டயாலிசிஸும் ஷிப்ட்டு தான். ஒண்ணாப் போறோம், ஒண்ணாப் படுக்கறோம், எந்திரிச்சி வருவோமா மாட்டோமான்னு தெரியாது. சொரங்கத்துக்குள்ள எறக்குற கேஜ்ல கூட எறங்குனவன் கீழ இன்னா பண்ணான்னு மேல வந்து பேசக் கூடாது. பயந்து அழுதானா, பேண்ட நனச்சிகினானா, எதுவும் வூட்டுக்கு வரக் கூடாது. எங்க அப்பன் காலத்துலேர்ந்து அது அப்டித் தான்.

பாக்கியவதி: அப்ப உன்கூட கேஜ்ல எறங்குன ஆளு.

ராஜப்பா: நான் ஒண்ணும் சொல்லல.

பாக்கியவதி: உன்கூட கேஜ்லயும் எறங்கி, மிஷின்லயும் படுக்குற ஆளு ஒருத்தர் தான்.

ராஜப்பா: நான் சொல்லல. நீயா தான் சொல்ற.

பாக்கியவதி: மேக்ஸ்வெல் அண்ணனா? சபைல மூப்பரா கீறவரா? ஞாயித்துக்கிழம நின்னு ஜெபம் பண்றவரா புத்துக்குப் போயி மண்ணு எடுத்தாரு?

ராஜப்பா: இல்ல! அவன் போவல!

பாக்கியவதி: மெதுவா… டியூப்பு…

ராஜப்பா: அவன் போவலடி. அந்தப் பக்கம் காலே வெக்கல. வெப்பானா அவன்?

பாக்கியவதி: நெஜமா?

ராஜப்பா: எங்கம்மா மேல சத்தியம். நான் தான் போனேன். நான் தான் டிபன் டப்பால போட்டு எடுத்தாந்தேன்.

பாக்கியவதி: ஒரு வாட்டி கூட அவரு வரல? தூரமா நின்னு கூட?

ராஜப்பா: எத்தினி வாட்டி கேப்ப? வரல. புத்து எந்தத் தெசைல கீதுன்னு கூட அவனுக்குத் தெரியாது. மிஷின்ல ஏறதுக்கு முன்ன அங்க கீற பாத்ரூம்ல… அவன் முதுகுல நான், என் முதுகுல அவன். மொதல்ல வேணாம்னு தான் சொன்னான். "டேய் ராஜப்பா, இது விக்கிரகத்து மண்ணுடா, எனுக்கு ஆவாது"ன்னான். மிஷின்ல கைய அசைக்கக் கூடாது, அரிப்பு தாங்காம அவன் பல்லக் கடிச்சிகினு கண்ணுல தண்ணி வுடுவான். பக்கத்துல படுத்துகினு அத்தப் பாத்துகினே இருக்க முடியுமா? "உங்க ஏசு கூட மண்ணக் கொழச்சி குருடன் கண்ணுல பூசலியா"ன்னு கேட்டேன்.

பாக்கியவதி: அவரு இன்னா சொன்னாரு?

ராஜப்பா: சிரிச்சிட்டான். "வேதத்துல அது ஒண்ணு தான்டா உனுக்குத் தெரியும்"னு சொல்லிகினே சட்டயக் கழட்டுனான். பொண்டாட்டி இசபெல்லாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு கையில அடிச்சி சத்தியம் வாங்குனான். அந்தம்மா தாங்காதாம். அது கும்புடுற கும்புடு அப்டி.

பாக்கியவதி: அதுக்குத் தான் நேத்து டாக்டரு கேட்டப்ப வாயத் தொறக்கல.

ராஜப்பா: அவரு மண்ணுன்னு சொன்னதும் எனுக்குப் புரிஞ்சிபோச்சு பாக்கியம். ராத்திரி பூரா முழிச்சிகினு தான் கெடந்தேன். நான் மட்டும் பூசுனேன்னு சொல்லலாம்னு பாத்தேன், அப்ப அவனயும் கேப்பாங்க. சொன்னா அவன் மானம் போவுது. வூட்டுக்குள்ள, சபைக்குள்ள, எங்கயும் தல காட்ட முடியாது. டிபின்னு நீ சொல்லாத வரைக்கும், அவனுக்கும் இதே ஊசி தான் போடுவாங்கன்னு நெனச்சிகினேன்… நெனச்சி மனச சமாதானம் பண்ணிகினேன்… தப்பு பண்ணிட்டேன்டி. போ. எந்திரி. டாக்டருகிட்ட போயி சொல்லு. அவன் முதுகுல பூசுனது நான் தான்னு சொல்லு. அந்த டிபி மாத்திரய நிறுத்தச் சொல்லு, எனுக்குப் போடுற ஊசியப் போடச் சொல்லு. மானமாவது மண்ணாவது, ஆளு பொழைக்கணும். இசபெல்லா கால்ல நானே வுழறேன்… இன்னாடி இது, உக்காந்துகினே கீற? ஏன் அழுவுற? எந்திரிடி!

பாக்கியவதி: அவரு முந்தா நாளே சொல்லிட்டாருய்யா. லேப்ல ஒண்ணும் கண்டுபுடிக்கல. மேக்ஸ்வெல் அண்ணன் தான், இசபெல்லா பக்கத்துல நிக்கும்போதே டாக்டரக் கூப்ட்டு, "புத்துக்குப் போயி மண்ணு எடுத்தாந்தது நான், ராஜப்பா வேணாம்னு சொல்லியும் பூசுனது நான், மொதல்ல அவன் ஊசிய மாத்துங்க"ன்னாரு. அப்புறந்தான் அந்தக் கிருமியத் தேடுனாங்க, ரெண்டு பேருக்கும் ஊசிய மாத்துனாங்க. நேத்து டாக்டரு உன்கிட்ட கேட்டது கூட அத்த சரிபாக்கத் தான். உனுக்குக் கேட்டுச்சு. அவருக்கு… இன்னிக்குக் காத்தால முடிஞ்சிபோச்சுய்யா. கைய குடு, அசையாத, டியூப் கழண்டுகும். இசபெல்லா சவப்பொட்டிகிட்டயே வராம செவுரப் பாத்து உக்காந்துகினு கீது, "என் வூட்டுக்காரரு நெஜமாவே புத்துக்குப் போனாரா"ன்னு போறவங்க வரவங்களயெல்லாம் கேட்டுகினு. போவலன்னு உன் வாயால கேட்டு எடுத்துகினு போவத் தான் வந்தேன். சாயங்காலம் அடக்கம். அதுக்குள்ள போயி அந்தம்மா கிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்.